அருவங்காடு குடும்பம்

ஞாயிறு, மாலை 5:42

செல்வி: கோத்தகிரி முதியோர் இல்லத்திலிருந்து இப்போதுதான் இறங்கினேன். ரத்தினம் அத்தை நன்றாக இருக்கிறார். ஆனால் ஒரு விஷயம்.

செல்வி: (படம்) அத்தை டிராயரில் இருந்த கண் சொட்டு மருந்து. தேதி ஜூனோடு முடிந்துவிட்டது. இது டிசம்பர்.

குமார் அண்ணன்: மேலே பனி எப்படி

செல்வி: அண்ணா!!

பாபு அத்தான்: மாதாமாதம் சுளையாகப் பணம் கட்டுகிறேன். சிஸ்டரிடம் கேட்டாயா?

செல்வி: கேட்டேன். ஒரே டிரேயில் பத்துப் பேர் மருந்து, யார் தேதி பார்ப்பது என்கிறார். இன்சுலின் ஜன்னல் ஓரத்தில் இருந்தது. ஏன் என்று கேட்டால், "இந்த ஊரே ஃபிரிட்ஜ்தானேம்மா."

ப்ரியா: 😂 சாரி

ராஜு சித்தப்பா: எல்லாரும் நிதானமாகப் படியுங்கள். 06/2025 என்று போட்டிருந்தால் ஜூன் 30 வரை செல்லும். அதுவும் பிரிக்காத மருந்துக்குத்தான். கண் சொட்டு மருந்தைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு மாதக் கணக்கு, அதற்குமேல் கிருமி சேரும். அக்காவுக்குக் கண்ணில் பிரஷர். மருந்தில் வீரியம் இல்லை என்றால் வலிக்காது, ஓரப் பார்வை மெல்லப் போகும். அடுத்து இன்சுலின். பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தது வெளியே இருக்கலாம், 28 நாள். திறந்த தேதியை லேபிளில் எழுதியிருந்தார்களா? உறைபனி விழுகிற இரவில் ஜன்னல் ஓரத்தில் உறைந்துவிட்டால் அதை எறிய வேண்டியதுதான், உருகின பிறகு பார்க்க நல்லதாகவே தெரியும்.

குமார் அண்ணன்: சித்தப்பா, மூச்சு விடுங்கள்

ராஜு சித்தப்பா: இன்னும் முடிக்கவில்லை. கெட்ட மருந்து உடனே விஷமாகிவிடும் என்று பயப்படுகிறோம். அதைவிட மோசம், அது வேலை செய்யாமல் இருப்பது. சர்க்கரை ஏறிச் சோர்ந்து கிடந்தால், வீட்டில் என்றால் டாக்டரைக் கூப்பிடுவோம். அங்கே "வயசாகிவிட்டது" என்று போர்த்திவிடுவார்கள்.

செல்வி: எழுதவில்லை சித்தப்பா. அப்புறம் இதையும் பாருங்கள் (படம்). நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. நாலுதான் மிச்சம், அட்டையைத் தேதி இருந்த பக்கமாக வெட்டியிருக்கிறது.

பாபு அத்தான்: நெஞ்சுவலி மாத்திரையா? தேதி இல்லாமலா? நாளைக்கே புகார் கொடுக்கிறேன்.

ப்ரியா: முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை.

ராஜு சித்தப்பா: எந்த முட்டாள் அதைக் கொடுத்தானோ

சாந்தி சித்தி: அது நான் கொடுத்தது

சாந்தி சித்தி: அவர் போன பிறகு பீரோவில் இருந்தது. வீணாகப் போக வேண்டாம் என்று தீபாவளிக்குப் போனபோது அண்ணியிடம் கொடுத்தேன்

ராஜு சித்தப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமார் அண்ணன்: மணி சித்தப்பா போய் மூன்று வருஷம் ஆச்சே சித்தி

சாந்தி சித்தி: தெரியும் குமாரு. எனக்குத் தெரியாதா

6:20

ராஜு சித்தப்பா: சாந்தி, தப்பாக நினைக்காதே. யார் கொண்டுபோய்க் கொடுத்தாலும் உள்ளே வாங்கும்போது தேதி பார்ப்பது அவர்கள் வேலை. செல்வி, அந்த நாலையும் எடுத்து வந்துவிட்டாயா?

செல்வி: என் பையில்தான் இருக்கிறது. அத்தைக்குக் கோபம். "மணியின் மாத்திரை, அதை ஏன் எடுக்கிறாய்" என்றார்.

ப்ரியா: 😢

செல்வி: அத்தான், கண் மருந்து யார் வாங்கியது?

பாபு அத்தான்: போன வருஷம் நான். மொத்தமாக ஆறு பாட்டில். அடிக்கடி மேலே வர முடியாது என்றுதான்.

குமார் அண்ணன்: அப்போ புகாரில் யார் பேர் மச்சான்

பாபு அத்தான்: இப்போது அதெல்லாம் வேண்டாம்

ராஜு சித்தப்பா: நாளை காலை சிஸ்டருக்கு போன் போட்டு டாக்டரிடம் சர்க்கரை, கண் பிரஷர் இரண்டும் பார்க்கச் சொல்லு பாபு. புது மாத்திரை டாக்டர் சீட்டோடு வாங்கு. இன்சுலினுக்குப் பேனாவால் தேதி.

பாபு அத்தான்: சரி மாமா. நேரில் சனிக்கிழமை யாராவது போனால் நல்லது

குமார் அண்ணன்: ஜீப் இருக்கிறது. ஆனால் சாயந்திரம் தாண்டினால் வர மாட்டேன், எஸ்டேட் வளைவில் காட்டெருமை நிற்கிறது. நேற்று ஒன்று பத்து நிமிஷம் நகரவே இல்லை

ப்ரியா: போட்டோ??

சாந்தி சித்தி: செல்வி, நான் கொடுத்த வர்க்கி டப்பா கொடுத்தாயா

செல்வி: அத்தைக்குச் சர்க்கரை சித்தி!

சாந்தி சித்தி: அது சிஸ்டருக்கு

பாபு அத்தான்: சனிக்கிழமை யார் போகிறார்கள்?

ராஜு சித்தப்பா: 👍