உதவி: ரோபோ பின்னுக்கு இழுத்தால் செத்துப்போகிறது

செம்பனைக்காடு17:
சனிக்கிழமை போட்டி. சண்டை ரோபோ, 1.36 கிலோ வகை. முன்னுக்கு நன்றாக ஓடுகிறது. முழு வேகத்தில் ரிமோட் குச்சியைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு துடிப்பு, அப்புறம் நின்றுவிடும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் விளக்கு அணைந்து மறுபடி சிமிட்டும். 12 வோல்ட் மோட்டார், புதுசு. போய்விட்டதா? சுங்கை சிப்புட்டில் சாமான் கிடையாது, ஈப்போவுக்கு ஓட வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள் அண்ணே.

ஈயக்கம்பி:
என்ன பேட்டரி? மோட்டாரை ஓட்டும் போர்டு எது?

பழைய வயர்மேன்:
பற்றவைப்புக் கோளாறுதான். ஈயம் மங்கலாக, குருணையாக இருக்கிறதா பார்.

மின்னல் மாஸ்டர்:
ஒரு விவரமும் இல்லை. வருகிற எல்லாருக்கும் இதே பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. மல்டிமீட்டர் என்று ஒன்று உண்டு, வாங்கிவிட்டு வாருங்கள்.

செம்பனைக்காடு17:
மன்னிக்கவும். 9 வோல்ட் கட்டை பேட்டரி. போர்டு எல்298என், ரிசீவருக்கும் அதிலிருந்தே 5 வோல்ட். வயர், வீட்டு வயரிங்கில் மிஞ்சியது.

ஈயக்கம்பி:
அங்கேதான் மாட்டிக்கொண்டாய் தம்பி. அந்தக் கட்டை புகை அலாரத்துக்கு ஆனது. அதன் உள்ளேயே ஏறக்குறைய 2 ஓம் தடை. 2 ஆம்பியர் இழுத்தால் 4 வோல்ட் அங்கேயே போய்விடும். மீதி 5 வோல்ட்டில் போர்டு ரிசீவருக்கு 5 வோல்ட் எங்கிருந்து கொடுக்கும்? மயங்கி விழுவது ரிசீவர், மோட்டார் அல்ல. பின்னுக்கு இழுத்தால் மட்டும் ஏன் என்றால், ஓடும் மோட்டார் ஒரு டைனமோவும்கூட. திருப்பியதும் அது உண்டாக்கும் வோல்ட்டும் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும், கரண்ட் எகிறும். 3எஸ் லிப்போ போடு, அதாவது மூன்று செல் லித்தியம் பேட்டரி. 450 எம்ஏஎச் (கொள்ளளவு, 0.45 ஆம்பியர்-மணி), 45சி (அந்த எண்ணைப்போல் 45 மடங்கு கரண்ட் கொடுக்கும்) என்றால் கணக்குப்படி 20 ஆம்பியர். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவே கூடாது. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதே. எல்298என் ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், இந்தப் போட்டியோடு அதற்கு விடை கொடு.

கெப்பாசிட்டர் பிரியன்:
மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போட்டால் முடிந்தது. புது பேட்டரிக்கு எதற்கு வெள்ளி செலவு?

மின்னல் மாஸ்டர்:
2 ஆம்பியர் இழுத்தால் உங்கள் கெப்பாசிட்டர் ஒரு மில்லி வினாடிக்கு 2 வோல்ட் இறங்கும். ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு கித்தாக் காட்டைச் சுற்றி வருகிறீர்களா?

ஈயக்கம்பி:
வயரையும் மாற்று தம்பி. ஒற்றைக் கம்பி அடி பட்டால் ஒடியும். பல இழை சிலிக்கோன் வயர் வாங்கு.

பழைய வயர்மேன்:
30 வருஷம் தோட்டத்து லயங்களுக்கு ஒற்றைக் கம்பிதான் இழுத்தேன். ஒன்றுகூட ஒடிந்ததில்லை.

மின்னல் மாஸ்டர்:
லயத்தை யாரும் சுத்தியலால் அடிக்கவில்லையே.

பழைய வயர்மேன்:
ராத்திரி பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வேலை பார்த்தவன்டா நான். மீட்டரைக் காட்டிப் பேசாதே.

ஈயக்கம்பி:
சரி சரி, பையனுக்கு சனிக்கிழமை போட்டி.

செம்பனைக்காடு17:
மாமா பையனிடம் லிப்போ வாங்கினேன். வயரும் மாற்றியாச்சு. இப்போது சாகவில்லை. ஆனால் இடது சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது.

ஈயக்கம்பி:
அந்த மோட்டாரின் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் போடு. ஓடுகிறதா?

பழைய வயர்மேன்:
பற்றவைப்பைப் பார்த்தாயா?