பைண்டிங் ஒட்ட மெல்லிய முனை பாட்டில்: வழி சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைகளை வெட்டி, அக்கா பேத்திக்கு ஒரு குயில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கிற போர்வை) தைக்கிறேன். பைண்டிங்கில், அதாவது ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கிற பட்டையில், மாட்டிக்கொண்டேன்.

நைந்த துணி, குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கிறது. அதனால் தண்ணீரில் கரைகிற ஸ்கூல் க்ளூ வாங்கினேன். தையலுக்கு விட்ட கால் அங்குலத்துக்குள் நூல் மாதிரி ஒரு கோடு, மேலே அயர்ன் பாக்ஸை வைத்து எடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. அருமையான முறை! ஆனால் பாட்டில் வாய் பெரிது. பொத்தென்று விழுந்து காய்ந்த இடத்தில் ஊசி இறங்கவே மாட்டேன் என்கிறது. மருதாணி கோனில் ஊற்றினேன், அழுத்தியதும் பின்பக்கமாகப் பிதுங்கிவிட்டது.

உலோக முனை வைத்த சின்ன பாட்டில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? எவ்வளவு மெல்லிய துளை சரிவரும்? அடைக்காமலிருக்க குண்டூசி செருகி வைத்தால் துருப்பிடிக்குமா?

இன்னொன்று, இதுதான் பெரிய கவலை. சோதனைத் துண்டை அலசியும் சுங்குடிப் புள்ளிகளின் ஓரம் விறைப்பாகவே இருக்கிறது. பைண்டிங் புதுச் சிவப்புத் துணி, வெந்நீரில் சாயம் விடும். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு நேரம் ஊறவைத்தால் பசை முழுக்கப் போகும்? பிள்ளை மேலே படுகிற துணி. அனுபவப்பட்டவர்கள் அவசியம் சொல்லுங்கள்.