வீட்டில டைப்செட்டிங் வேலைக்கு டெஸ்க்டொப்போ லப்டொப்போ? (வெள்ளவத்தை)

பக்கவடிவம் கேக்கிறது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்து வாசியுங்கோ.

நான் வெள்ளவத்தையில ரயில் ரோட்டுக்குக் கிட்ட ஒரு அனெக்ஸில இருக்கிறன். வீட்டில இருந்தே தமிழ் டைப்செட்டிங் தான் வேலை. கலியாணக் காட், கோயில் மலர் எல்லாம் வரும், ஆனா கூடுதலா வாறது செத்தவைக்கு 31ஆம் நாள் குடுக்கிற நினைவு மலர். அண்டைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைத் திகதி ஒருநாளும் தள்ளிப்போகாது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. போன மாசம் 64 பக்க மலர் ஒண்டு, பிரஸ்ஸுக்குக் குடுக்க ரெண்டு நாள் இருக்கேக்க லப்டொப்பைத் திறந்தனான், இடது பக்கப் பிணைச்சல் டக்கெண்டு வெடிச்சுது, ஸ்கிரீன் முழுக்க பச்சைக் கோடு வந்து பிறகு ஒண்டுமே தெரியேல்ல. செத்த அம்மாவைப் பற்றி மகள் கைப்பட எழுதித் தந்த தாளெல்லாம் என்ர மேசையில கிடக்குது, எனக்குக் கை நடுங்கிப்போச்சு. பென்டிரைவில கொப்பி இருந்தபடியா பிரஸ்ஸுக்கே ஓடிப்போய் அவையின்ர கொம்பியூட்டரில விடிய விடிய இருந்து முடிச்சுக் குடுத்தன். அப்பிடி ஒரு இரவு இனி எனக்கு வேண்டாம்.

லப்டொப் 2017 இல வாங்கினது, 7ஆவது ஜெனரேஷன் ஐ5, 8 ஜிபி ராம். கடையில காட்டினா திருத்திறதை விட்டிட்டுப் புதுசு எடுங்கோ எண்டுறாங்கள். கையில 2 லட்சத்து 50 ஆயிரம் இருக்கு, அதுக்கு மேல ஏலாது. இவர் லப்டொப் தான் எண்டுறார், ஏனெண்டா நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனா 25 நாளும் வேலை என்னோட கூடவே வரும். மகன் இந்த வருஷம் ஓஎல் எடுக்கிறான், அவன் டெஸ்க்டொப் எண்டு நிக்கிறான். எனக்குப் பயம் கரண்ட், 2022 இல ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் கட் ஆனதை மறக்கேலாது. இன்னொண்டு கழுத்து நோ. லப்டொப்பை ரெண்டு தடிச்ச அகராதிக்கு மேல ஏத்தி வைச்சு வேலை செய்தும் பின்னேரமானா தலையைத் திருப்பேலாம இருக்கு.

எதை எடுக்கிறது? காரணத்தோட சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை மாடிவீடு:

அக்கா, லப்டொப் எடுங்க, ரெண்டு தடவை யோசிக்காதீங்க. நான் வீட்ல இருந்து வெளிநாட்டு கம்பனிக்கு வேலை செய்றேன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு பட்டதால நாடு முழுக்க கரண்ட் போச்சுனு சொன்னாங்களே, அன்னைக்கு எனக்கு ஒரு ஃபைல் அனுப்பியே ஆகணும். லப்டொப்ல பாதி சார்ஜ் இருந்துச்சு, போன்ல ஹொட்ஸ்பொட் போட்டு அனுப்பி முடிச்சேன், அதுக்கப்புறம்தான் சாப்பாடே இறங்குச்சு. எங்க மாடியில டெஸ்க்டொப் வச்சிருந்த பையன் ராத்திரி வரைக்கும் கைய கட்டிட்டு இருந்தான். கரண்ட் பில்லும் பாருங்க, லப்டொப் 20 வொட் அளவுக்கு இழுக்கும், சாதாரண டெஸ்க்டொப்பும் மொனிட்டரும் சேர்ந்தா 60 கிட்ட வரும், ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம்னா மாசத்துக்கு 6 யூனிட்டுக்கு பதிலா 18 யூனிட். 12 யூனிட்தானேனு விடாதீங்க, நம்ம பில்லுல யூனிட் ஏற ஏற ரேட்டும் அடுத்த அடுக்குக்கு போயிடும். கழுத்துக்கு தனியா ஒரு மொனிட்டர் வாங்கி லப்டொப்ல குத்துனா சரி.

101 பஸ்:

நான் மொரட்டுவ கெம்பஸ். தினமும் பஸ்ஸில போய் வாறபடியா எனக்கு லப்டொப் இல்லாம ஏலாது, ஆனா உங்கட வேலை மேசையில தானே அக்கா. மகனுக்கு கேம் ஆசையும் இருந்தா ஒண்டைக் கவனியுங்கோ, ரெண்டிலயும் கிராபிக்ஸ் காட்டுக்கு ஒரே பேரைத்தான் ஒட்டுவாங்கள், சாமான் ஒண்டில்ல. ஆர்டிஎக்ஸ் 4070 எண்டா டெஸ்க்டொப்பில மெமரி 12 ஜிபி, லப்டொப்பில 8 ஜிபி தான், கோரும் குறைவு.

ரிப்பெயார் மேசை:

தங்கச்சி, நான் பம்பலப்பிட்டியில 14 வருஷமா கொம்பியூட்டர் திருத்திறன். விக்கிற ஆளில்ல, நீங்கள் எதை எடுத்தாலும் எனக்கு ஒரு சதம் வராது.

உங்கட வேலைக்கு எது வேகம், எது வடிவு எண்டு பாக்கத் தேவையில்ல, பழுதானா அண்டைக்கே எழும்புறது எது எண்டு மட்டும் பாருங்கோ. டெஸ்க்டொப்பில பவர் சப்ளை போனா காலமை கடை திறக்க ஒண்டு வாங்கி நாலு ஸ்க்ரூ கழட்டிப் பூட்டினா மத்தியானத்துக்கு முதல் நீங்கள் திரும்பவும் பக்கம் செய்வியள். ராம் போனா ராம் மட்டும், கீபோர்ட்டில தேத்தண்ணி ஊத்துப்பட்டா கீபோர்ட் மட்டும். லப்டொப்பில முக்கால்வாசிச் சாமான் ஒரே போர்ட்டில, சார்ஜ் ஏறுற இடத்தில அரிசி அளவு ஐசி ஒண்டு எரிஞ்சாலும் முழு மெசினும் என்ர மேசையில தான் கிடக்கும், சாமான் வர ஒரு கிழமையோ ரெண்டு கிழமையோ ஆருக்குத் தெரியும். 31ஆம் நாள் அதுவரைக்கும் நிக்காது.

அடுத்தது கடல், உங்கட ரயில் ரோட்டுக்கு அங்கால அதுதானே, இதை இங்க ஒருத்தரும் சொல்லேல்ல. போன கிழமை கடற்கரையோர மரீன் டிரைவ் பக்கமிருந்து ஒரு லப்டொப் வந்தது, பாவிச்சது மூண்டே வருஷம். கீழ் மூடியைக் கழட்டுறன், ஸ்க்ரூத் தலையெல்லாம் துருப்பிடிச்சு டிரைவர் வழுக்குது, உள்ள ஃபேன் காத்து இழுக்கிற பக்கம் இருக்கிற சின்னச் சின்ன ஈயப் பத்துகள் பாசி பிடிச்ச மாதிரிப் பச்சையாக் கிடக்குது. பல்லுத் தீட்டுற பிரஷும் ஐசோப்ரொப்பைல் அல்ககோலும் வைச்சு ஒரு மணித்தியாலம் தேய்ச்சுத்தான் உயிர் வந்தது. உப்பும் ஈரமும் சேந்து செம்பைத் தின்னுறது அப்பிடி. டெஸ்க்டொப்புக்கும் அதே காத்து தான், நான் இல்லையெண்டேல்ல, ஆனா அதின்ர பக்க மூடியை நீங்களே திறந்து மூண்டு மாசத்துக்கு ஒருக்கா பெயின்ட் பிரஷால தூசு தட்டலாம், பழுதான துண்டை மட்டும் மாத்தலாம். கடல் பக்க யன்னலுக்கு நேர வைக்காதேங்கோ, அவ்வளவு தான்.

கரண்ட் பற்றி மாடிவீட்டுத் தம்பி சொன்னது ஞாயம். ஆனா 13 மணித்தியாலக் கட்டுக்கு எந்த லப்டொப் பற்றரியும் காணாது எண்டதையும் நினையுங்கோ. சாதாரணமா போய் வாற கரண்டுக்கு 650 விஏ யுபிஎஸ் ஒண்டு காணும், உள்ள பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பற்றரி இருக்கும், உங்கட மாதிரி வேலைக்கு எடுக்கிற டெஸ்க்டொப்பும் மொனிட்டரும் எண்டா பத்து நிமிஷம் மட்டில தரும். அதில இருந்து வேலை செய்ய நினைக்காதேங்கோ, சேவ் பண்ணி ஒழுங்கா மூடுறதுக்குத் தான் அது. பற்றரியை ரெண்டு மூண்டு வருஷத்தில மாத்தோணும், கன பேர் மறந்துபோய் விட்டிட்டு யுபிஎஸ் கூடாதெண்டு சொல்லுவினம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில குத்திப்போடாதேங்கோ, சூடேறேக்க இழுக்கிற இழுவைக்கு யுபிஎஸ் தாங்காது.

பழைய வீடெண்டா பிளக் பொயின்டையும் பாருங்கோ. ஏர்த் இல்லாத பொயின்டில குத்தினா பெட்டியில கை படேக்க சுள் சுள்ளெண்டு இழுக்கும். எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூப்பிட்டு ஏர்த்தோட 13 ஆம்பியர் பொயின்ட் ஒண்டு போடுவியுங்கோ, யுபிஎஸ் வாங்க முதல் அதைச் செய்யுங்கோ.

பழைய லப்டொப்பை எறிஞ்சுபோடாதேங்கோ. பிணைச்சல் வெடிக்கேக்க அதுக்குள்ளால போற ஸ்கிரீன் வயர் அறுந்திருக்கும், போர்ட்டுக்கு ஒண்டும் நடக்காம இருக்கலாம். எச்டிஎம்ஐ வயரால டிவியில குத்திப் பாருங்கோ. படம் வந்தா பிணைச்சலும் வயரும் மாத்தி நல்லூருக்கு அதையே கொண்டு போங்கோ. ஒண்டு, 7ஆவது ஜெனரேஷன் உங்கட ஐ5 விண்டோஸ் 11 போடக்கூடிய ப்ரொசெசர் லிஸ்டில இல்ல, விண்டோஸ் 10 க்கு வழமையான அப்டேட் 2025 ஒக்டோபர் 14 ஓட நிண்டுபோச்சு. அதில பாங்க் வேலை பாக்காம டைப் பண்ண மட்டும் வைச்சிருங்கோ.

அச்சுக்கூடத்துப் பெடியன்:

நானும் இதே தொழில் தான் அக்கா, அதால ஒரு கணக்கு மட்டும் சொல்லுறன். 15.6 இஞ்சி லப்டொப் ஸ்கிரீன்ர உயரம் 19 சென்ரிமீற்றர் சொச்சம், ஏ4 தாள் 29.7. ஒரு பக்கத்தை உண்மையான அளவில வைச்சா மூண்டில ரெண்டு பங்கு தான் தெரியும், மிச்சத்துக்கு நாள் முழுக்க மேலயும் கீழயும் உருட்டுறது. 24 இஞ்சி மொனிட்டர் 53க்கு 30 அளவு வரும், ரெண்டு ஏ4 பக்கத்தை பக்கத்துப் பக்கத்தில கிட்டத்தட்ட முழு அளவில விரிக்கலாம். நினைவு மலரில இடப்பக்கம் படம், வலப்பக்கம் தேவாரம் எண்டு வைக்கேக்க ரெண்டும் ஒண்டாப் பொருந்துதோ எண்டு பாக்கிறது அப்ப தான். ஒற்றோ கொம்போ விட்டுப்போனதுகளும் அதில தான் கண்ணில படும், சின்ன ஸ்கிரீனில பாத்து அச்சடிச்ச பிறகு செத்தவரின்ர பேரிலயே பிழை கண்டிருக்கிறன், அந்தக் குடும்பத்தின்ர முகத்தைப் பாக்கேலாமப் போச்சு. மொனிட்டர் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வாற மாதிரி வையுங்கோ, அகராதியை அகராதியாப் பாவிக்கலாம்.

பக்கவடிவம்:

எல்லாருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி இரவு டிவியில குத்திப் பாத்தன், படம் வந்திட்டுது! மகன் அஞ்சாம் வகுப்பில பரிசு வாங்கின படம் தான் அதில வால்பேப்பர், பெரிய டிவியில அது வரேக்க வீட்டில எல்லாரும் எழும்பி நிண்டம். என்ர பழைய ஃபைலெல்லாம் அப்பிடியே இருக்கு, இப்ப ரெண்டு இடத்தில கொப்பி எடுத்து வைச்சிட்டன்.

அப்ப டெஸ்க்டொப் எண்டு முடிவெடுத்திட்டன், இவரும் சரியெண்டிட்டார். இந்தக் காசுக்கு புதுசா பூட்டிறதோ, ஒபிஸுகளில இருந்து வாற ரீகண்டிஷன் பெட்டி எடுக்கிறதோ? பாமினி எழுத்துருவில செய்த பழைய ஃபைலுகள் கன இருக்கு, அதுவும் ஓடோணும்.

ரிப்பெயார் மேசை:

படம் வந்தது எனக்கும் சந்தோஷம் தங்கச்சி.

ரீகண்டிஷன் கூடாதெண்டில்ல, நல்ல பெட்டிகள் வருது. இன்டெல் எண்டா 8ஆவது ஜெனரேஷனுக்குக் குறைஞ்சதைத் தொடாதேங்கோ, சில இடங்களில 6, 7 இல விண்டோஸ் 11 ஐக் குறுக்கு வழியால ஏத்தி வைச்சு விப்பாங்கள், அதால உள்ள போய் ப்ரொசெசர் நம்பரை உங்கட கண்ணால பாருங்கோ. சின்ன ஒல்லிப் பெட்டிகளில பவர் சப்ளை அந்தக் கம்பனிக்கே உரிய வடிவில இருக்கும், போனா எந்தக் கடையிலயும் உடன எடுக்கேலாது. உடன எழும்போணும் எண்டு தானே டெஸ்க்டொப் எடுக்கிறம், அதால சாதாரண டவர் பெட்டி, சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை எண்டு கேளுங்கோ. உங்கட காசுக்கு நான் எண்டா புதுசாப் பூட்டுவன். தனி கிராபிக்ஸ் காட் வேண்டாம், மகன் கேட்டாலும் பேந்து பாப்பம் எண்டு சொல்லுங்கோ, டவரில இடம் இருக்கும்தானே. 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி. ராம் விலை 2025 கடைசியில இருந்து ஏறிப்போய் நிக்குது, கம்பனிகள் ஏஐ சேவர்களுக்குச் செய்யிற பக்கம் திரும்பினது தான் காரணம், அதால 16 ஐ ஒரே குச்சியா எடுத்து மற்ற ஸ்லொட்டைப் பேந்து கூட்டுறதுக்கு வெறுமையா விடுங்கோ. மிச்சக் காசை மொனிட்டரில போடுங்கோ. வெளி ஹார்ட் டிஸ்க் ஒண்டும் கட்டாயம்.

பாமினி வெறும் எழுத்துரு தானே, எந்த விண்டோஸிலயும் ஓடும். யூனிகோட்டில செய்யிற புது வேலைக்கு மட்டும் பக்கம் செய்யிற இன்டிசைன் மென்பொருளில வேர்ல்ட் ரெடி கொம்போசர் எண்ட செட்டிங்கைப் போடுங்கோ, இல்லாட்டி கொம்பு இடம் மாறி நிக்கும்.

பம்பலப்பிட்டியில கொம்பியூட்டர் கடையள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில மாடி மாடியா ஏறி நாலு கடையில விலை எழுதி வாங்குங்கோ, வொரண்டி ஒவ்வொரு சாமானுக்கும் எத்தின வருஷம் எண்டு பில்லில எழுதச் சொல்லுங்கோ, வாயால சொல்லுறதை நம்பாதேங்கோ.

பக்கவடிவம்:

எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதிட்டன் அண்ணா. சனிக்கிழமை மகனோட போறம். அறையில இருக்கிறது உருண்டை ஓட்டைப் பழைய பொயின்ட், ஏர்த் இருக்கோ தெரியாது, நாளைக்கு காலமை எலக்ட்ரீஷியன் வாறார், முதல் அது. பிணைச்சலுக்கும் வயருக்கும் உங்கட மேசைக்கே கொண்டு வரலாமோ, எத்தின மணிக்கு இருப்பியள்?