மறு: ‘ஃபோக்கஸ்டு டிடெரன்ஸ்’ - ‘முன்கண்டிப்பு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

‘ஃபோக்கஸ்டு டிடெரன்ஸ்’ (focused deterrence), அதாவது வன்முறைக் கும்பல்களில் உள்ள சிலரை மட்டும் நேரில் அழைத்து, கண்டித்து, விலகினால் உதவி உண்டு என்றும் சொல்லும் முறைக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ஐயா சொன்ன ‘குவித்தடுப்பு’, அக்கா சொன்ன ‘இலக்கு அச்சுறுத்தல்’ இரண்டையும் இரண்டு நாளாக யோசித்தேன். அச்சுறுத்தல் வேண்டவே வேண்டாம். எங்கள் சமூக மன்றத்தில் பெற்றோருக்கான கையேட்டு வரைவில் அதைத்தான் போட்டிருந்தேன்; படித்த ஒரு அம்மா அந்த வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு, “போலீசே பிள்ளைகளை மிரட்டுதா தம்பி?” என்று கேட்டார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1996இல் இந்த முறையில் நடந்தது வெறும் மிரட்டல் இல்லை. 61 கும்பல்கள், ஏறக்குறைய 1,300 பேர், நகரத்து இளையர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறாது, ஆனால் இளையர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காடு அவர்களைச் சுற்றியே. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, போலீஸ், அரசு வழக்கறிஞர், பாதிரியார், தெருவில் இறங்கி இளையர்களோடு வேலை செய்வோர் எல்லாரும் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள்: ஒருவன் சுட்டாலும் கும்பல் முழுவதையும் விடமாட்டோம், விலகி வந்தால் உதவி உண்டு. ஒரே ஒரு தோட்டா வைத்திருந்ததற்கு ஏறக்குறைய 20 ஆண்டு உள்ளே போனவன் கதையைத் துண்டறிக்கையாக அடித்துக் காட்டினார்கள். பிறகு வந்த ஆய்வு, 24 வயது வரையுள்ளோர் கொலைகள் மாதச் சராசரியில் 63 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது.

‘தடுப்பு’ நம் சிங்கப்பூரின் 1973 ஆயுதக் குற்றச் சட்டத்துக்குப் பொருந்தும். காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை, அது எல்லாருக்கும் பொது. பாஸ்டனில் பேசியது பெயர் தெரிந்த சிலரிடம். ‘எச்சரிக்கை’யும் இங்கே சரிவராது, குற்றம் செய்தபின் போலீஸ் கொடுக்கும் ‘கடுமையான எச்சரிக்கை’ ஏற்கெனவே இருக்கிறது.

நம் வீடுகளில் பையன் வழிதவறினால் மாமாவிடமோ வாத்தியாரிடமோ என்ன சொல்வோம்? “கொஞ்சம் கூப்பிட்டுக் கண்டிச்சு வைங்க.” அந்தச் சொல்லில் பயமும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது, கூப்பிடுவதும் இருக்கிறது. அதனால் ‘முன்கண்டிப்பு’. அந்தக் கூட்டத்துக்குக் ‘கண்டிப்புக் கூட்டம்’.

- ஈசூனிலிருந்து

---

தம்பி, அச்சுறுத்தலை நான் விட்டுவிடுகிறேன், அந்த அம்மா கேட்டது நியாயம். ஆனால் ‘குவி’ போனால் சிலரை மட்டும் என்ற பொருளும் போய்விடுமே? ஊரையே நிறுத்திச் சோதனை போடுவதையும் முன்கண்டிப்பு என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

- பிடோக் அக்கா

---

அக்கா, சரிதான். கட்டுரையில் ‘குவிமுன்கண்டிப்பு’, கையேட்டில் ‘முன்கண்டிப்பு’ என்று வைத்து, முதல் முறை வரும் இடத்தில் ‘கும்பலில் உள்ள சிலரை மட்டும் அழைத்து’ என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது, மாற்று இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.