பாட்டு தெரியும், படம் பார்த்திருக்கீங்களா?

எங்க அப்பத்தாவுக்கு உயிர் 'வாராய் நீ வாராய்'. ரேடியோவில் அது வந்தால் அரிவாள்மனையில் ஓடும் கை அப்படியே நின்றுவிடும். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் குழைகிற குழைவில், ஏதோ காதல் ஜோடி ஊர் சுற்றப் போகிறது என்றே இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். போன மாதம்தான் 'மந்திரி குமாரி' (1950) முழுசாகப் பார்த்தேன்.

ராஜகுருவின் மகன் பார்த்திபன் ரகசியமாகக் கொள்ளைக்காரன். கட்டிய மனைவியை மலை உச்சிக்குக் கூட்டிப்போகிறான், தள்ளிக் கொல்ல. போகிற வழியில்தான் இந்தப் பாட்டு! இடம் தூரமில்லை என்கிறானே, நிஜமாகவே தூரமில்லை. கடைசி ஆசையாக மூன்று முறை சுற்றி வந்து கும்பிடுகிறேன் என்கிறாள். அவனும் சரி என்று நிற்கிறான். பின்பக்கம் வந்தவள் தள்ளிவிடுகிறாள். இனி அந்த மெட்டை நிம்மதியாகக் கேட்க முடியாது.

—

இது குண்டலகேசி கதைதானே. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, நமக்கு மிஞ்சியது 19 பாட்டு. கலைஞர் வசனம், எம்ஜிஆர் கத்திச்சண்டை எல்லாம் இருந்தும் எனக்கு நினைவில் நிற்பது பார்த்திபனாக வரும் எஸ்.ஏ. நடராஜன்தான். வில்லன் என்று தெரிந்தும் ரசிக்கவைத்துவிடுகிறார் மனுஷன்.

—

'மந்திரி குமாரி'யை இயக்கியவர்களில் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கன் படம் என்றால் எனக்கு 'அம்பிகாபதி' (1937). தமிழே தெரியாத அமெரிக்கர் கம்பர் மகனின் காதலைப் படமாக்கியிருக்கிறார். நான் பார்த்த பிரதியில் ஒரே கொரகொர சத்தம். பாகவதர் பாடும்போது மட்டும் எப்படியோ காது பழகிவிடுகிறது.

சிற்றின்ப வாடையே இல்லாமல் 100 பாட்டு பாடினால் அம்பிகாபதி உயிர் பிழைக்கலாம். காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்து, 99 முடிந்ததுமே நூறாகிவிட்டது என்று அவன் காதலிக்கும் சோழ இளவரசி அமராவதி எட்டிப்பார்க்கிறாள். அவளைக் கண்டதும் இவன் அவள் அழகைப் பாடிவிடுகிறான். முடிந்தது கதை. கொலைக்களக் காட்சியைவிட அந்த எண்ணிக்கைதான் வயிற்றைப் பிசைந்தது. கதை முன்பே தெரியும், இருந்தும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

—

முதலில் எழுதியவன்தான். அப்பத்தாவிடம், அது காதல் பாட்டில்லை, கொலைகாரன் பாட்டு என்று பெரிய துப்பு துலக்கியவன் மாதிரிப் போய்ச் சொன்னேன். வெண்டைக்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டூரிங் டாக்கீஸ்ல மூணு தடவ பாத்துருக்கேன்டா. அவதானே தள்ளுவா? அதுக்குத்தானே கேக்குறேன்."