ரூம்ல ஆள் இருக்கும்போதே கதவைத் திறந்துட்டாங்க, என்ன பண்ணலாம்?

ஒரு உதவி வேணும்ங்க. நேத்து ஹோட்டல் ரூம்ல குளிச்சிட்டு ஈரத்தலையோட நிக்கிறேன், வெளிய 'டோன்ட் டிஸ்டர்ப்' அட்டை தொங்குது, ஒரே ஒரு தட்டு தட்டிட்டு நான் பதில் சொல்றதுக்குள்ள மாஸ்டர் கார்டு போட்டுத் திறந்துட்டாங்க. உள்ள செயின் மாட்டியிருந்ததால கதவு நாலு விரல் இடைவெளியோட நின்னுச்சு, இல்லன்னா நினைக்கவே பயமா இருக்கு. சுத்தம் பண்ண வந்த அக்கா மேல கோவம் இல்ல, பாவம், அவங்களும் பதறிட்டாங்க. ஆனா ரிசப்ஷன்ல கேட்டா யாருமே திறக்கலன்னு சாதிக்கிறாங்க, அதான் தாங்க முடியல. கார்டு பூட்டுல எந்த கார்டு எப்ப திறந்துச்சுன்னு பெரும்பாலும் பதிவாகும்ல, அதைக் காட்டச் சொல்லி கேக்கலாமா? எழுத்துல புகார் குடுக்கணும்னா யார்கிட்ட குடுக்கணும்? ஹவுஸ்கீப்பிங்ல வேலை பார்த்தவங்க இருந்தா சொல்லுங்க, இன்னும் ரெண்டு நாள் இதே ரூம்லதான் தங்கணும்.