ஹோகஸ் போகஸ் நடிகைகள நேர்லயோ மேடையிலயோ பாத்தவங்க இங்க எழுதுங்க

பாஸ்டன்வாசி:

அக்டோபர் வந்தா எங்க வீட்ல ஹோகஸ் போகஸ்ங்கிற ஹாலோவீன் சூனியக்காரிங்க படம் ஓடாத வாரம் கிடையாது. அதுல சாண்டர்சன் சகோதரிகள்ங்கிற சூனியக்காரிகளா வர்ற பெட் மிட்லர் (வின்னிஃப்ரெட்), சாரா ஜெசிக்கா பார்க்கர் (சாரா), கேத்தி நஜிமி (மேரி) மூணு பேரோட வாழ்க்கையும் தனித்தனியா எடுத்துப் பாத்தா அவ்ளோ பெருசு. அவங்கள எங்கயாச்சும் பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க. நான் முதல்ல சொல்றேன், ஆனா நான் பாத்தது அவங்கள இல்ல, அவங்க ஊர.

படத்துக் கதை நடக்குற ஊரு சேலம், நம்ம மாம்பழ சேலம் இல்ல, மாசசூசெட்ஸ் சேலம். பாஸ்டன் நார்த் ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறினா அரை மணி நேரந்தான். போன அக்டோபர்ல பொண்ணக் கூட்டிட்டுப் போனேன், ட்ரெயின்ல நிக்க இடமில்ல, பாதி பேர் தலையில கூம்புத் தொப்பி. படத்துல ஆலிசன்ங்கிற பொண்ணோட வீடா வர்றது எசெக்ஸ் ஸ்ட்ரீட்ல இருக்கிற ரோப்ஸ் மேன்ஷன், வெள்ளை வீடு, வாசல்ல போட்டோ எடுக்க வரிசை நிக்குது. அந்த வரிசையில எங்களுக்கு முன்னாடி மூணு பேர் அப்படியே சாண்டர்சன் வேஷத்துல நின்னாங்க, பச்சை கவுன், செவப்பு விக்கு, முன்பல்லு எல்லாம் பக்கா. மேரியா வந்த அம்மா எங்ககிட்ட பேசும்போதும் வாய ஒரு பக்கமா கோணி வச்சுக்கிட்டே பேசினாங்க. தாடை வலிக்கலையான்னு கேட்டேன், காலையில இருந்து வலிக்குது ஆனா கேத்தி நஜிமி ஷூட்டிங் முழுக்க இப்படித்தானே வச்சிருந்திருப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுது, நாம சிரிச்சுட்டுப் போற ஒரு வாய்க்கோணல்ல எவ்ளோ உழைப்பு இருக்குன்னு.

அப்புறம் சார்ட்டர் ஸ்ட்ரீட் கல்லறை பக்கத்துல இருக்கிற நினைவிடத்துக்குப் போனோம். 1692-ல சூனியக்காரங்கன்னு சொல்லி 19 பேரத் தூக்குல போட்டாங்க, ஒருத்தர கல்ல அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. சுவத்துல இருந்து நீட்டிக்கிட்டிருக்கிற ஒவ்வொரு கல் பெஞ்சுலயும் ஒரு பேரு. மழை ஈரத்துல ஒரு பெஞ்சு மேல யாரோ ஒரு வெள்ளைப் பூ வச்சிருந்தாங்க. அதுவரைக்கும் குதிச்சுக்கிட்டு வந்த என் பொண்ணு தொப்பியக் கழட்டிட்டா.

2010-ல ஒரு டிவி நிகழ்ச்சியில சாரா ஜெசிக்கா பார்க்கரோட வம்சாவளியத் தேடிப் போறாங்க, அதுல அவங்க முன்னோர் எஸ்தர் எல்வெல்ங்கிற பெண்மணி மேல இதே 1692-ல சூனியக் குற்றம் சாட்டியிருக்காங்கன்னு தெரிய வருது. அதுக்குள்ள அந்த விசேஷ கோர்ட்டக் கலைச்சுட்டதால அந்த அம்மா உயிர் தப்பிச்சுட்டாங்க. படம் வந்தது 1993-ல! பதினேழு வருஷம் கழிச்சுத்தான் அவங்களுக்கே தெரியுது, தான் சூனியக்காரியா ஆடிப் பாடின அதே ஊர் விசாரணையில தன் குடும்பத்துப் பாட்டியும் மாட்டியிருக்காங்கன்னு. அத என் பொண்ணுக்கு அந்தக் கல் பெஞ்சு பக்கத்துல நின்னு சொன்னேன். அந்த இடத்த என்னால மறக்கவே முடியாது.

ஜெர்சி சிட்டி:

அக்கா நல்ல வேளை ஆரம்பிச்சீங்க. நான் பெட் மிட்லர பாத்திருக்கேன், மேடையில. 2017, ஹலோ டாலிங்கிற பாட்டு நாடகம், நியூயார்க் 44-வது ஸ்ட்ரீட் ஷூபர்ட் தியேட்டர். டிக்கெட் விக்க ஆரம்பிச்ச முதல் நாளே 90 லட்சம் டாலருக்கு மேல வித்துச்சு, நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகளான பிராட்வேல அப்ப அது ரெக்கார்டு. எங்களுக்குக் கிடைச்சது மேல் மாடியில கடைசிக்கு ரெண்டு வரிசை முன்னாடி. அப்ப அம்மா திருநெல்வேலியில இருந்து வந்திருந்தாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போனேன், இங்கிலீஷ் அவ்வளவா புரியாது, தூங்கிடுவாங்களோன்னு பயம் எனக்கு.

செவப்பு கவுன், தலையில செவப்பு இறகு, அந்தப் பெரிய படிக்கட்டுல மிட்லர் இறங்கி வர்றாங்க, கீழ வெயிட்டர்கள் வரிசையா நின்னு பாடுறாங்க, பாட்டு முடியறதுக்குள்ள மொத்த தியேட்டரும் எந்திரிச்சு நிக்குது. ஆனா அம்மாவ விழுந்து விழுந்து சிரிக்க வச்சது அது இல்ல. ஒரு சீன்ல அவங்க மேசையில உக்காந்து சாப்பிடுவாங்க, வசனமே கிடையாது, சுத்தி எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, இவங்க பாட்டுக்கு வெட்டி வெட்டி வாயில போட்டு மென்னு, ஒரு துண்டு ஒழுங்கா போகாம அதோட மல்லுக்கட்டி, ஆடியன்ஸ ஒரு பார்வை பாத்து, மறுபடியும் சாப்பிடுறாங்க. நிமிஷக்கணக்கா போச்சு. வயசு அப்ப 71. அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நம்ம மனோரமா ஆச்சி மாதிரிலா இருக்கா'ன்னாங்க. அதுக்கு மேல ஒரு விமர்சனம் எழுத எனக்குத் தெரியாது. அந்த வருஷம் பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற டோனி அவார்டும் அவங்களுக்குத்தான்.

ஹவாய்ல பொறந்து, எழுபதுகள்ல நியூயார்க் குளியல் கிளப்ல பாடி பேரு வாங்கி, 1979-ல தி ரோஸ் படத்துக்கு ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போனவங்க. வின்னிஃப்ரெட் அந்த ஹாலோவீன் பார்ட்டியில மேடை ஏறி ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ பாடுறது ஏன் அப்படி நிக்குதுன்னா, அது நடிக்கத் தெரிஞ்ச ஒருத்தங்க பாடுற பாட்டு இல்ல, இருபது வருஷம் மேடையில கூட்டத்தக் கட்டி ஆண்ட பாடகி பாடுற பாட்டு.

மண்வெட்டி:

நான் மிட்லரப் பாக்கல, ஆனா அவங்க காப்பாத்தின மண்ணத் தொட்டிருக்கேன். 1995-ல அவங்க நியூயார்க் ரெஸ்டோரேஷன் ப்ராஜெக்ட்னு பார்க், தோட்டங்களக் காப்பாத்துற அமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 1999-ல சிட்டி நிர்வாகம் ஏழை ஏரியாக்கள்ல இருந்த நூத்துக்கும் மேல தோட்டங்கள ஏலம் விடப் பாத்துச்சு, அதுல ஐம்பதுக்கும் மேல இவங்க அமைப்பு வாங்கி மக்களுக்கே விட்டுட்டாங்க. மேல் மன்ஹாட்டன்ல ஹார்லெம் ஆத்தங்கரையில ஷெர்மன் கிரீக்னு ஒரு பார்க், முன்னாடி அது குப்பை கொட்ற இடம். ஒரு சனிக்கிழமை காலையில அங்க வாலன்டியரா போனேன், நாலு மணி நேரம் களை புடுங்கினேன், நகத்துக்குள்ள போன கறுப்பு மண்ணு ரெண்டு நாள் போகல. பக்கத்துல குந்தியிருந்த பாட்டி அந்த ஏரியாக்காரங்க, மிட்லர 'எங்க பெட்'னு தான் சொன்னாங்க, படத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

வருஷா வருஷம் இதுக்கு நிதி திரட்ட ஹுலாவீன்னு ஒரு ஹாலோவீன் விருந்து வைப்பாங்க. 2020-ல கொரோனாவால ஆன்லைன்ல நடந்தப்ப மூணு சகோதரிகளும் வேஷம் போட்டு வந்தாங்க, அத வீட்ல லேப்டாப்ல பாத்தேன்.

டல்லாஸ் தம்பி:

எனக்கு கேத்தி நஜிமி தான். 2006-ல டெக்சாஸ் வந்தேன், இங்க பேசுற இங்கிலீஷ் பாதி புரியாது, ஆபீஸ்ல மூணு தடவை திருப்பிக் கேக்கவே வெக்கமா இருக்கும். ரூம்மேட் ராத்திரி ஆனா கிங் ஆஃப் தி ஹில் போடுவான், டெக்சாஸ் குடும்பம் ஒண்ணப் பத்தின கார்ட்டூன். அதுல பெக்கி ஹில்ங்கிற அம்மா, ஸ்பானிஷ் டீச்சர் வேலை, ஸ்பானிஷ் சுத்தமா வராது, ஆனா தனக்கு வர்ற மாதிரி வேற யாருக்கும் வராதுன்னு ஒரு தெம்பு. அந்தக் குரலக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஊரு பேச்சே காதுல ஏறுச்சு, உண்மையாச் சொல்றேன்.

பல வருஷம் கழிச்சு பையனோட ஹோகஸ் போகஸ் பாத்துட்டு யாரு இந்த மேரின்னு தேடினா, பெக்கியும் இவங்களேதான். சத்தியமா நம்பல. நாய் மாதிரி மோந்து மோந்து குழந்தைங்களத் தேடுறவங்களும், என் ராத்திரிகள்ல தோழியா இருந்த அந்த டெக்சாஸ்காரம்மாவும் ஒரே தொண்டையா! லெபனான்ல இருந்து வந்த குடும்பத்துப் பொண்ணு, மோ கேஃப்னியோட சேந்து ரெண்டு பேர் மட்டும் நடிக்கிற நாடகம் போட்டு மேல வந்து, 1992-ல சிஸ்டர் ஆக்ட்ல சிரிச்சுக்கிட்டே இருக்கிற கன்னியாஸ்திரி, அடுத்த வருஷமே சூனியக்காரி. 1997-ல இருந்து 2010 வரைக்கும் பெக்கி. 2025-ல அந்த சீரியல் திரும்ப வந்தப்ப முதல் எபிசோடுல அந்தக் குரல் கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, பையன் ஏன்பா அழறன்னு கேக்குறான்.

குவீன்ஸ்காரி:

சாராவ நான் பாத்தேன். பிளாசா ஸ்வீட் நாடகத்துக்கு 2020 ஏப்ரலுக்கு டிக்கெட் வாங்கி வச்சிருந்தேன், மார்ச் 12 அன்னைக்கு பிராட்வேயே பூட்டிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு 2022-ல ஹட்சன் தியேட்டர்ல நடந்துச்சு, எல்லாரும் மாஸ்க் போட்டு உக்காந்திருந்தோம். ஒரே ஹோட்டல் ரூம், மூணு ஜோடிக் கதை, மூணுலயும் அவங்களும் நிஜ வாழ்க்கைக் கணவர் மேத்யூ பிராடெரிக்கும். முதல் கதையில புருஷனுக்கு வேற தொடர்பு இருக்குன்னு தெரிஞ்ச மனைவி. கத்தல, அழல, ரூமுக்குள்ள சும்மா நடந்துக்கிட்டே பேசுறாங்க, எனக்குத் தொண்டை அடைச்சுது. செக்ஸ் அண்ட் தி சிட்டி டிவி சீரியலோட உடையும் செருப்பும் பத்தியே எழுதுறவங்க, இவங்க சின்ன வயசுலயே பிராட்வேல ஆனிங்கிற பாட்டு நாடகத்துல ஆனியா நின்னவங்கங்கறத மறந்துடுறாங்க. ஹோகஸ் போகஸ்ல குழந்தைங்கள மயக்கிக் கூப்பிடுற அந்தத் தாலாட்டு காதுல நிக்குதே, அதுக்குப் பின்னாடி அந்தப் பயிற்சி இருக்கு.

படப்பெட்டி:

மூணு பேரையே பேசுறீங்க, சின்னப் பொண்ணு டேனிய விட்டுட்டீங்களே. தோரா பர்ச் பத்து வயசுல அந்த மூணு பேருக்கும் ஈடு கொடுத்து நின்னுச்சு. அப்புறம் 1999-ல அமெரிக்கன் பியூட்டி, 2001-ல கோஸ்ட் வேர்ல்டுக்கு கோல்டன் குளோப் நாமினேஷன். அதுக்கேத்த படங்கள் அவங்களுக்கு அப்புறம் வரல, அதுல எனக்கு இன்னிக்கும் வருத்தம் உண்டு. ஆலிசனா வந்த வினெசா ஷாவும் ஐஸ் வைட் ஷட், 3:10 டு யூமான்னு நல்ல படங்கள்ல இருக்காங்க.

என் அனுபவம் 2020 அக்டோபர். புதுப் படமே இல்லாம தியேட்டர்கள் திணறினப்ப ஹோகஸ் போகஸத் திரும்பப் போட்டாங்க. ஹால்ல மொத்தமே ஒன்பது பேர், தள்ளித் தள்ளி. முதல் தடவை ஜூலையில, ஜுராசிக் பார்க் ஓடிட்டிருந்த நேரத்துல ரிலீஸ் பண்ணி அடி வாங்கின ஹாலோவீன் படம், டிவியில ஓடி ஓடியே ஆளச் சேத்து, 27 வருஷம் கழிச்சு அந்த வாரம் வசூல்ல ரெண்டாவது இடம். டேனி தன் அண்ணன்கிட்ட வாயாடுற சீனுக்கு அந்த ஒன்பது பேரும் கை தட்டினோம்.

பாஸ்டன்வாசி:

எல்லாத்தையும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். ஜெர்சி சிட்டி, உங்க அம்மா சொன்னதக் கேட்டு எங்க மாமியார் சத்தமா சிரிச்சுட்டாங்க. இந்த வருஷம் இவ மேரி வேஷம் போடுறா, படத்துல மேரி துடைப்பத்துக்குப் பதிலா ஏறிப் பறக்குற மாதிரி பழைய வாக்குவம் கிளீனர் ரெடி. கண்ணாடி முன்னாடி நின்னு வாய எந்தப் பக்கம் கோணணும்னு ஒரே சண்டை, டல்லாஸ் தம்பி உங்களுக்குத் தெரியுமா?

டல்லாஸ் தம்பி:

ரெண்டும் சரிதான்க்கா. 1993-ல ஒரு பக்கம் கோணியிருக்கும், 2022-ல வந்த ரெண்டாவது படத்துல மறுபக்கம். பாப்பாவுக்கு எந்தப் பக்கம் தாடை வலிக்கலையோ அந்தப் பக்கம் வச்சுக்கச் சொல்லுங்க.